நாற்பதாம் நம்பர் சட்டையின் கதை

இணையத்தில் துணி வாங்கிப் பழகிய எல்லா வீட்டிலும் இப்போது ஒரு மூலை உண்டு. பிரித்துப் பார்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி அதே கவரில் திணித்து வைத்த பார்சல்கள், ரிட்டர்ன் எடுக்க வரும் பையனுக்காகக் காத்துக்கிடக்கும் மூலை. எங்கள் மணிநகர் வீட்டில் அது செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிறது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் அதுதான் எங்கள் வீட்டு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். வரவும் கிடையாது, செலவும் கிடையாது, என்றைக்காவது நேர்செய்தாக வேண்டும்.

முதலில் இந்த நம்பர் சமாசாரத்தைப் பார்ப்போம். ஆபீஸுக்குப் போடும் முழுக்கைச் சட்டையில் 39, 40, 42, 44 என்று இருக்கிறதே, அது எதன் அளவு என்று எங்கள் கிளையில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். மார்பளவு, இஞ்சில் என்றார் ஒருவர். தோள் என்றார் இன்னொருவர். பொதுவாக அது காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். ஆனால் கதர்க்கடையில் ஒரு குர்தா எடுத்தால் அதில் இருக்கும் 40 என்பது மார்பளவு, இஞ்சில். ஆக நாட்டில் இரண்டு நாற்பது புழக்கத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் அலகே வேறு. ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டினால் ஆடிட்டர் நம்மை என்ன செய்வார்? :-) இருப்பதிலேயே யோக்கியமான உடுப்பு நம்ம திருப்பூர் பனியன்தான். 85, 90, 95 என்று போட்டிருந்தால் அது மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டரில். சந்தேகம் இருந்தால் டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு அந்த வசதியும் இல்லை. எஸ், எம், எல், அதற்கு மேல் எத்தனை எக்ஸ் என்பதுதான் கணக்கு. எந்த எழுத்துக்கு எத்தனை இஞ்ச் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போன வருஷம் என் மகள் கல்லூரி முதல் நாளுக்கென்று இரண்டு குர்தி வரவழைத்தாள். ஒரு கம்பெனியின் 'எல்' அவளுக்குச் சரியாக இருந்தது. இன்னொரு கம்பெனியின் 'எல்' தோளிலேயே நின்றுவிட்டது. அதில் அவளுக்குப் பொருந்தியது டபுள் எக்ஸ்எல். அதை மாற்றி வாங்கிய அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. தங்கமணி போய்க் கூப்பிட்டபோது, "பசிக்கலைம்மா" என்றாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, நான் அவ்ளோ குண்டாவா இருக்கேன்?" என்று கேட்டாள். காலையில் 'எல்' ஆக இருந்த பெண் மாலையில் டபுள் எக்ஸ்எல் ஆனதற்கு அவள் உடம்பு என்ன செய்யும்? ஆனால் பதினெட்டு வயசில் லேபிளில் தப்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை, உடம்பில் தப்பு என்றுதான் தோன்றுகிறது. இந்த எழுத்தையும் எண்ணையும் யார், எதற்காக உண்டாக்கினார்கள் என்று நான் தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

நமக்கு அளவு என்பதே புது விஷயம். வேட்டிக்கு நாலு முழம், எட்டு முழம். புடவைக்கு ஆறு கஜம், ஒன்பது கஜம். அது துணியின் அளவு, ஆளின் அளவு இல்லை. ஒல்லியானவர் இரண்டு மடிப்பு கூட வைத்துக் கட்டுவார், தடித்தவர் ஒரு மடிப்பு குறைப்பார், அவ்வளவுதான். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஒரே புடவை. தைத்த உடுப்பு நமக்குத் தெரியாத ஒன்றல்ல. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரர் என்று தையல்காரர்கள் வருகிறார்கள். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர்கள் போட்டிருக்கும் சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். மெய்க்கு ஒரு பை! இன்றைக்கு எனக்கு வரும் சில பார்சல்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

ஐரோப்பாவில் தையல் என்றாலே உடம்புக்கு ஏற்பத் தைப்பதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் பல தையல்காரர்களிடம் இன்றைய மாதிரி எண் போட்ட டேப் கிடையாது. ஆளுக்கு ஒரு காகிதக் கீற்று. மார்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று அதில் சின்னச் சின்ன வெட்டு போட்டு, வாடிக்கையாளர் பெயரை எழுதி மாட்டிவைப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கீற்றில் எண்ணே இல்லை. என்னை உங்களோடு ஒப்பிட அதில் வழியே கிடையாது. எண் போட்ட டேப் வந்த பிறகுதான் ஒருவர் உடம்பு இன்னொருவர் உடம்பைவிடப் 'பெரிய நம்பர்' ஆனது.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ராணுவம். பிரான்ஸில் தீமோனியே என்ற தையல்காரர் 1830-இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, ராணுவச் சீருடை தைக்கப் பட்டறை வைத்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் அதை உடைத்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை வாங்கினார்கள். 1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர். லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஆளாளுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்க முடியுமா? சீருடைக்காகச் சேர்ந்த அளவுகளில் சில சேர்க்கைகள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. போர் முடிந்ததும் ஆண்களின் ரெடிமேட் உடைக்கு அதுதான் அஸ்திவாரம். அதாவது சட்டை சைஸ் என்பது பட்டாளத்துச் சரக்கு.

இதே சமயத்தில் பெல்ஜியத்தில் அடால்ஃப் கெத்லே என்று ஒரு வானியல்காரர். நட்சத்திரக் கணக்குப் போட்ட கையோடு மனிதர்களையும் கணக்குப் போட ஆரம்பித்தார். ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் 5,738 பேரின் மார்பளவை எடுத்துவைத்துக்கொண்டு, நடுவில் கூட்டமும் இருபுறமும் சரிவுமாக அது ஒரு மணி வடிவத்தில் விழுகிறது என்று 1846-இல் காட்டினார். சராசரி ஏறக்குறைய நாற்பது இஞ்ச். (நாற்பதாம் நம்பர் நம்மை அன்றைக்கே பிடித்துவிட்டது.) பி.காமில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவர்களுக்கு அந்த வளைகோடு நினைவிருக்கும். நாங்கள் மீன், மீடியன், மோடு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி. கெத்லே இன்னும் ஒரு படி போனார். அவர் கண்ணுக்கு அந்தச் சராசரிதான் இயற்கை நினைத்த உண்மையான மனிதன், மற்றவர்களெல்லாம் அதிலிருந்து வழுவியவர்கள். என் மகள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் இருந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, ஆளைப் பார்க்காமல் துணி விற்பது எப்போது ஆரம்பித்தது? நாம் நினைப்பதுபோல் செல்போன் வந்த பிறகு அல்ல. அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் கம்பெனி 1890-களிலிருந்து 1993 வரை தடித்தடியான பட்டியல் புத்தகங்களை அச்சடித்து வீடு வீடாக அனுப்பியது. பட்டிக்காட்டில் உட்கார்ந்துகொண்டு, படத்தைப் பார்த்து, எண்ணை எழுதிப் போட்டால் தபாலில் துணி வரும். பொருந்தாவிட்டால் தபாலில் திரும்பிப் போகும். இன்று நம் கையில் இருப்பது அதே புத்தகம்தான், கண்ணாடியில் தேய்க்கிறோம், அவ்வளவே.

ஆண்களுக்கு மார்பளவை வைத்து ஓரளவு ஒப்பேற்றினார்கள். பெண்களுக்கு அது எடுபடவில்லை. இளம்பெண்களுக்கான எண்கள் ஆரம்பத்தில் வயசைக் குறித்தன. 14 என்றால் பதினாலு வயசுப் பெண்ணுக்கு. எல்லாப் பதினாலு வயசும் ஒரே மாதிரியா இருக்கும்? பொருந்தாத பெண்கள் உடையைத் திருத்தித் தருவதிலேயே தயாரிப்பாளர்களுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் போகிறது என்று 1939-இல் மதிப்பிட்டார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அமெரிக்க அரசு ஒரு பெரிய காரியம் செய்தது. ரூத் ஓப்ரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் தலைமையில் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். அறிக்கை 1941-இல் வந்தது. வெளியிட்டது யார் தெரியுமோ? விவசாயத் துறை! மனையியல் பிரிவு அதன் கீழ்தான் இருந்தது.

யாரை அளந்தார்கள் என்பதுதான் முக்கியம். வெள்ளைக்காரப் பெண்கள் அல்லாதவர்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அளவெடுக்க வந்தவர்களுக்குச் சின்னத் தொகை கொடுத்ததால், அந்தக் காசு தேவைப்பட்டவர்கள்தான் அதிகம் வந்தார்கள். மந்த காலத்துக்கு அடுத்த வருஷங்கள், வயிறு வாடிய உடம்புகள். அந்தக் கணக்கையும் அப்படியே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1940-களின் கடைசியில் தபால் வியாபாரிகளின் சங்கம், தேசியத் தர நிர்ணய அலுவலகத்திடம் போய் இதைத் திரும்ப அலசித் தரச் சொன்னது. ரிட்டர்ன் தொல்லை தாங்காமல்தான். அப்போது ராணுவத்தில் இருந்த பெண்களின் அளவுகளையும் சேர்த்தார்கள். ஓட்டமும் நடையுமாக இறுகிய உடம்புகள் அவை. 1958-இல் அதிகாரபூர்வ அட்டவணை வெளியானது. எண்ணோடு உயரத்துக்கு ஓர் எழுத்து, இடுப்புக்குக் கூட்டல் கழித்தல் குறி என்று கொஞ்சம் சிரத்தையாகவே செய்திருந்தார்கள்.

ஆனால் கட்டாயம் இல்லாத சட்டத்தை வியாபாரி எத்தனை நாள் மதிப்பான்? பெரிய எண் போட்டால் வாங்குகிறவர் முகம் சுருங்குகிறது, சின்ன எண் போட்டால் மலர்கிறது என்று கடைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1937-இல் சியர்ஸ் புத்தகத்தில் மார்பளவு 32 இஞ்ச் உள்ள பெண்ணுக்கு 14-ஆம் சைஸ். 1967-இல் அதே 32 இஞ்ச் 8-ஆம் சைஸ். 2011 வாக்கில் அது பூஜ்யம்! நாணயத்தின் மதிப்பை இப்படி ரகசியமாக மாற்றினால் அதற்கு எங்கள் தொழிலில் வேறு பெயர். 1983-இல் அமெரிக்க அரசு அந்த அட்டவணையையே விலக்கிக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு ரிசர்வ் வங்கி.

நேர்மையாகவே அட்டவணை போட்டிருந்தாலும் பொருந்தியிருக்குமா? இதற்குப் பதில் 1952-இலேயே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர், அளவெடுக்கப்பட்ட 4,063 விமானிகளின் கணக்கை எடுத்துக்கொண்டார். உடை தைக்கத் தேவையான பத்து அளவுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றிலும் நடுவில் இருக்கும் முப்பது சதவீதத்துக்குள் வந்தால் 'சராசரி' என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருந்தவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. மூன்றே மூன்று அளவுகளை எடுத்தாலும் நூற்றுக்கு நான்கு பேர் தேறவில்லை. கெத்லேயின் 'உண்மையான மனிதன்' 4,063 பேரில் ஒருத்தனாகக்கூட அகப்படவில்லை.

இங்கே இந்தியாவில் கதை வேறு மாதிரி போனது, அதற்குக் காரணம் நம்ம தெருமுனை டைலர். காந்தி 1924-இல் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி ஊசியும் நூலுமாகக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் பிறந்த இயந்திரம் அது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உண்டாக்கியவர்களில் ஒருவர். அந்த உரையாடல் வெளியான 'யங் இந்தியா' அச்சானது இதே அகமதாபாத்தில். ஊரையும் வந்து சேர்ந்த ஊரையும் இப்படி ஒரு தையல் மெஷின் இணைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ராணுவம் தொழிற்சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்த அதே மெஷின், இங்கே திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் அளவு தைத்தது. எங்கள் தெரு டைலரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அப்பாவுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். தீபாவளிக்குத் தீபாவளி என் பக்கத்தில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதுவார். "வளர்ற பையன், ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விட்டிருக்கேன்" என்பார் அப்பாவிடம். அடுத்த வருஷம் அதைப் பிரித்துவிடலாம். எந்த அட்டவணையிலாவது இந்த இரண்டு இஞ்சுக்கு இடம் இருக்கிறதா?

ரெடிமேட் மேல் நமக்கிருந்த அவநம்பிக்கையைப் பெரிய முதலாளிகளும் புரிந்துவைத்திருந்தார்கள். அகமதாபாத் அர்விந்த் மில் 1995-இல் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒன்றை விட்டது. என் வயசுக்காரர்களுக்கு மறக்காது. ஜீன்ஸ் அல்ல, ஜீன்ஸுக்கான பொட்டலம். டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்னால் தைக்கும் லேபிள், எல்லாம் சேர்த்து 195 ரூபாய். தைப்பது உங்கள் டைலர். நான் பத்தாவது படிக்கும்போது எனக்கு வந்த முதல் ஜீன்ஸ் அதுதான். இடுப்பு என் இடுப்பு, நீளம் என் நீளம். கம்பெனி பெயரை விற்றது, அளவை ஊர் டைலரிடமே விட்டுவிட்டது. இத்தனை புத்திசாலித்தனமான ஏற்பாட்டை இன்று வரை எந்த ஷாப்பிங் செயலியும் தாண்டவில்லை என்பேன்.

2007-இல் ஃப்ளிப்கார்ட்டும் மிந்த்ராவும் ஆரம்பமாயின. சில வருஷங்களில் துணியும் டெலிவரி பையன் கையில் வரத் தொடங்கியது. அளவு அட்டவணை? வெளிநாட்டு அட்டவணைகளைக் கொஞ்சம் அங்கே இங்கே தட்டிக்கொட்டித்தான் நம் உடைத் தொழில் பயன்படுத்துகிறது, அதனால் 20 முதல் 40 சதவீதம் வரை உடைகள் திரும்பி வருகின்றன என்று 2018-இல் ஜவுளி அமைச்சகமே சொன்னது. அந்த வருஷம்தான் நிஃப்ட் மூலம் 'இந்தியாசைஸ்' திட்டத்தை அறிவித்தார்கள். 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளப்பது. ஆறு நகரங்கள்: கொல்கத்தா, மும்பை, டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை இல்லை. தெற்குக்குப் பெங்களூரு போதும் என்று யாரோ ஒரு மேஜையில் முடிவாகியிருக்கிறது. (பெங்களூரில் நம் ஆட்களுக்குக் குறைவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.) நம் நாட்டுக்கென்று தனி அளவு விரைவில் வரும் என்று 2024-இலும் அமைச்சர் சொன்னார்.

வந்தாலும், டேனியல்ஸ் கணக்கு மாறப்போவதில்லை. தொழிற்சாலையில் நடப்பது இதுதான். ஒரு மாதிரி ஆளுக்கு 'எம்' தைத்துச் சரிபார்க்கிறார்கள். மற்ற சைஸெல்லாம் அதிலிருந்து இத்தனை கூட்டு, இத்தனை கழி என்று கணக்கில் வருபவை. மார்பு பெருத்தவருக்கெல்லாம் தோளும் அதே விகிதத்தில் அகலும் என்று அந்தக் கணக்கு நம்புகிறது. பிறகு துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டு. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் சற்று வித்தியாசம் வரும். தையலில் அரை இஞ்ச் முன்பின் இருக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஒரே பிராண்டுக்கு மூன்று ஊர்களில் தைப்பார்கள். முதல் சலவையில் பருத்தி சுருங்குவது தனி. போதாததற்கு, அட்டவணையில் போட்டிருக்கும் 40 இஞ்ச் உங்கள் மார்பா, சட்டையின் மார்பா என்பதைச் சின்ன எழுத்தில்கூடச் சிலர் சொல்வதில்லை. சட்டை உடம்பைவிட நாலைந்து இஞ்ச் கூட இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். இரண்டையும் குழப்பினால் ஒரு முழு சைஸ், சில சமயம் இரண்டு சைஸ் தவறும்.

இப்போது எங்கள் வீட்டில், நன்றாகப் பொருந்திய குர்தி ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம் என்று மூன்றையும் இஞ்சில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். எழுதியது மகள். கம்பெனி உடுப்பின் அளவைக் கொடுத்திருந்தால் அதோடு ஒப்பிட்டு வாங்குவாள், கொடுக்காவிட்டால் அடுத்த கடை. எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வந்த உடனே லேபிளைக் கத்தரித்துவிடுகிறாள்.

ரவிக்கைக்கு மட்டும் இந்த வழியும் நடக்கவில்லை. இங்கே உள்ள தர்ஜிபாய் சோளியை அற்புதமாகத் தைப்பார், ஆனால் நம் கழுத்தும் கையும் அவருக்குப் பிடிபடாது என்பது தங்கமணியின் தீர்ப்பு. மணிநகரில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதே தீர்ப்புதான். அதனால் ஊருக்கு யார் போனாலும் ஒரு பை கூடப் போகும். உள்ளே புதுத் துணி, அதற்கு லைனிங், நடுவில் மடித்து வைத்த பழைய அளவு ஜாக்கெட். "கை மட்டும் அரை இஞ்ச் கூட வைக்கச் சொல்லு அண்ணி" என்று போனில் ஒரு வரி. வருகிற வியாழக்கிழமை நவஜீவன் எக்ஸ்பிரஸில் கிளம்பும் பக்கத்து வீட்டு மாமியிடம் மூன்று பைகள் கொடுத்தாகிவிட்டது, இரண்டு எங்களுடையது.